இரண்டாவது கையெழுத்து

பகல் பன்னிரண்டு மணிக்கு வேட்புமனு வாங்குவதை நிறுத்திவிடுவார்கள். பத்தேகால் மணிக்கு கல்யாணியின் கார் பக்குரங்கா சாலையில் மழையோடு மழையாக நின்று நின்று நகர்ந்துகொண்டிருந்தது. நகரத்தில் இருக்கும் தேர்தல் அலுவலகத்துக்குப் போய்ச்சேர ஒரு மணி நேரம் ஆனால்கூட, நேரம் இருக்கிறது. கவலைப்பட ஒன்றுமில்லை என்றுதான் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

பக்கத்து இருக்கையில் அருளப்பு, கோட்டும் டையுமாக. மன்னார்க்காரர். பாட்டனி வட்டாரத்தில் எந்தத் தமிழர் வீட்டில் குழாய் ஒழுகினாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். இன்றைக்கு ஸ்பேனரைத் தொடாமல் தலைக்கு எண்ணெய் வைத்து வாரியிருந்தார்.

பாட்டனிப் பகுதிப் பூங்கா, நூலகம் இவற்றைக் கவனிக்கும் லோக்கல் போர்டுக்கான தேர்தலில் கல்யாணி நிற்கிறாள். பாட்டனி மருந்துக்கடையில் வேலை பார்ப்பவளுக்கு எதற்கு இந்த வேலை என்று பலரும் கேட்டார்கள். காரணம் ஒரு கழிப்பறை. ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பள்ளி நடக்கும் பூங்காவில் கழிப்பறை கிடையாது. குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு எதிரே இருக்கும் பெட்ரோல் பங்குக்கு ஓட வேண்டும். மூன்று வருடம் மனு கொடுத்துப் பார்த்தார்கள். கடைசியில் போர்டு கூட்டத்தில் கல்யாணிக்குப் பேச மூன்று நிமிடம் கிடைத்தது. வணக்கம் சொல்லி, யார் எவர் என்று சொல்லி, கழிப்பறைக்கு வருவதற்குள் மணி அடித்துவிட்டார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தால் மணி அடிக்க மாட்டார்கள் அல்லவா? அன்றைக்கே முடிவு செய்துவிட்டாள்.

மனுவில் அந்தப் பகுதி வாக்காளர்கள் இரண்டு பேர் முன்மொழிந்து கையெழுத்துப் போட வேண்டும். ஒருவர் தமிழ்நாடு, ஒருவர் இலங்கை என்று தமிழ்ச் சங்கத்தில் ஏகமனதாகச் சொன்னார்கள். இரண்டு பக்கமும் மனத்தாங்கல் இருக்காது பாருங்கள். அதன்படி தமிழ்நாட்டுப் பக்கம் வரதராஜன் சார் நேற்றே கையெழுத்துப் போட்டுவிட்டார். அருளப்பு மட்டும், அதிகாரிக்கு முன்னால் வைத்துத்தான் போடுவேன், படமும் எடுக்க வேண்டும் என்று கூடவே கிளம்பிவிட்டார்.

"பிள்ளை, அலுவல் முடிய என்னை மவுண்ட் ஆல்பர்ட்டிலை தங்கச்சி அன்ரனீற்றா வீட்டை இறக்கிவிடுவீரே?" என்றார் அருளப்பு.

"அதுக்கென்ன அங்கிள், விட்டுடறேன். ஏதாவது விசேஷமா?"

"விசேஷம் ஒண்டும் இல்லை. எலெக்‌ஷன் கடிதம் அங்கதானே வரும். வந்திட்டுதோ எண்டு பாக்கத்தான்."

கல்யாணி சட்டென்று அவர் பக்கம் திரும்பினாள். "உங்க எலெக்‌ஷன் கடிதம் ஏன் அங்கே வருது?"

"முந்தி அங்கதானே இருந்தனான். பாட்டனிக்கு வந்து நாலு வருசமாச்சு. விலாசம் மாத்தேல்லை. கடிதம் எடுக்கிற சாட்டிலையாவது தங்கச்சி வீட்டைப் போகலாமெல்லோ."

"அங்கிள்! அப்போ உங்க பேர் மவுண்ட் ஆல்பர்ட் பட்டியல்ல இருக்கு. பாட்டனிக்கு நீங்க கையெழுத்துப் போட முடியாது!"

"ஏன் ஏலாது? போன பாராளுமன்ற எலெக்‌ஷனுக்கு பாட்டனிப் பள்ளிக்கூடத்திலைதானே வோட் போட்டனான். ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை சிரிச்சுக்கொண்டு பேப்பர் தந்தது."

"அது வேற. அதுக்கு எந்த ஊர் பூத்துக்கு வேணா போகலாம். தனி ஃபாரம் ஒண்ணு நிரப்பச் சொல்லியிருப்பாங்களே?"

அருளப்பு யோசித்தார். "ஓம், நிரப்பினனான். எல்லாருக்கும் குடுக்கினம் எண்டு நினைச்சன்." டையைத் தளர்த்தினார். "ஐயோ பிள்ளை, உம்மட காரியத்தைக் கெடுத்துப்போட்டன்."

கல்யாணி காரை ஓரம்கட்டினாள். திட்டுவதற்கு வாய்வரை வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் விழுங்கிக்கொண்டாள். மனுவில் இரண்டாவது கட்டம் காலியாக இருந்தது. மணி பத்தரை.

அருளப்பு பாட்டனியில் இருக்கும் தன் ஆட்களைத் தேடி, முதலில் யசீகரனுக்குப் போன் போட்டார். அவன் வெளியூரில், ஹாமில்டனில் நின்றான். றெபேக்காவுக்குப் போட்டார். அவள் ஆஸ்பத்திரியில் டூட்டி, போனை எடுக்கவில்லை. டெஸ்மன் எடுத்தான், ஆனால் அவன் இன்னும் மாணவர் விசாவில் இருப்பவன், ஓட்டு கிடையாது.

"ஏன் பிள்ளை, உம்மட மனிசன் எங்கை?"

"பிரசாத்தா? எல்லர்ஸ்லி ஆபீஸ்ல."

"போற வழிதானே. அவரைப் போடச் சொல்லும்."

கல்யாணி ஜன்னலைப் பார்த்தாள். தேர்தலில் நிற்கப்போகிறேன் என்று சொன்ன அன்றைக்கு, "போஸ்டர்ல எந்த போட்டோ போடுவ? பாஸ்போர்ட் போட்டோவா?" என்று கணவன் பிரசாத் சிரித்த சிரிப்பு அவளுக்கு மறக்கவில்லை. அன்றிலிருந்து தேர்தலைப் பற்றி அவனிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை.

"அவர் போட்டா ரெண்டுமே தமிழ்நாட்டுக் கையெழுத்தாயிடும் அங்கிள். நாளைக்கு உங்க ஆளுங்க பேச மாட்டாங்களா?"

"ஆர் கதைக்கினம் எண்டு நான் பாக்கிறன். பிழை விட்டவன் நான். அவையளுக்குப் பதில் சொல்லுறதும் நான்தான். நீர் காரை எடும்."

'அவசரம், வாசலுக்கு வாங்க' என்று பிரசாத்துக்கு ஒரு மெசேஜ் அனுப்பிவிட்டுக் கல்யாணி காரை எடுத்தாள். எல்லர்ஸ்லி அலுவலக வாசலில் அவன் குடையில்லாமல் நனைந்துகொண்டு நின்றான். மீட்டிங்கில் பாதியில் எழுந்து வந்திருக்கிறான். காரின் பின்கதவைத் திறந்து உட்கார்ந்தான். கல்யாணி மூச்சுவிடாமல் விஷயத்தைச் சொல்லி முடித்தாள்.

"ஆக, ஊர்ல யாருமே கிடைக்கலைன்னதும் புருஷன் ஞாபகம் வந்திருக்கு" என்றான் பிரசாத்.

"கேட்டா கிண்டல் பண்ணுவீங்க. அதான் கேக்கலை."

"ஒரு நாள் சிரிச்சேன். மறுநாளே கேப்பேன்னு நினைச்சேன். ரெண்டு மாசமா வரதராஜன் சாரைக் கேக்கற, அங்கிளைக் கேக்கற. ஒரே வீட்ல இருக்கேன், என்னைக் கேக்கலை."

கல்யாணி பின்கண்ணாடியில் அவனைப் பார்த்தாள். கோபமாகப் பேசுவான் என்று எதிர்பார்த்திருந்தாள். அவன் குரலில் கோபம் இல்லை.

அருளப்பு இருமினார். "தம்பி, சண்டையைப் பன்னிரண்டு மணிக்குப் பிறகு பிடியுங்கோ. முதல் சொல்லும், உம்மட பேர் பாட்டனியிலை பதிஞ்சிருக்கோ?"

"அதானே!" என்று கல்யாணி திரும்பினாள். "நாம வீடு மாறி ரெண்டு வருஷம்தானே ஆச்சு. உங்களுக்குத்தான் இதெல்லாம் பிடிக்காதே. பதிஞ்சீங்களா?"

"தெரியலையே" என்றான் பிரசாத். போனில் வாக்காளர் பட்டியல் பக்கத்தைத் திறந்தான். பெயர், பிறந்த தேதி, விலாசம் என்று ஒவ்வொன்றாகத் தட்டினான். திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. கல்யாணி ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தாள். இவனும் இல்லையென்றால் அடுத்த தேர்தலுக்கு இன்னும் மூன்று வருடம் காத்திருக்க வேண்டும்.

பிரசாத் போனை அவள் பக்கம் நீட்டினான். பெயரும் இப்போதைய வீட்டு விலாசமும் சரியாக இருந்தன.

"எப்போ மாத்தினீங்க?"

"கரன்ட் கனெக்‌ஷன் மாத்தின அன்னிக்கே இதையும் மாத்தியிருப்பேன் போலிருக்கு. எந்த ஃபாரமா இருந்தாலும் உடனே நிரப்பிடுவேன். உனக்குத் தெரியாதா?"

கல்யாணி மனுவை அவனிடம் கொடுத்தாள். பிறகு அவளாகவே, "எனக்காக முன்மொழிவீங்களா?" என்று கேட்டாள்.

"இப்போ கேட்டியே, அது போதும்" என்று மடியில் வைத்து நிதானமாகக் கையெழுத்துப் போட்டான். "நானும் வரேன். மீட்டிங் எங்கேயும் ஓடிடாது."

பதினொன்று இருபத்தைந்துக்கு மூவரும் அலுவலகத்தில் நின்றார்கள். கவுண்டரில் இருந்த பெண் இரண்டு பெயரையும் பட்டியலில் தேடிப் பார்த்தாள். தலையசைத்தாள். ரசீதைக் கொடுத்து, நல்லபடியாக ஜெயித்து வாருங்கள் என்று வாழ்த்தினாள். அருளப்பு கல்யாணியையும் பிரசாத்தையும் சேர்த்து நிற்கவைத்துப் படம் எடுத்தார். உடனே சங்கத்து வாட்ஸப் குழுவில் போட்டு, கீழே தன் பிழையையும் முழுதாக எழுதினார். யாராவது ஏதாவது கேட்பதென்றால் தன்னிடம் கேட்கலாம் என்று போன் நம்பரையும் சேர்த்தார்.

வெளியே மழை விட்டிருந்தது.

"நம்ம தெருவுல எத்தனை வீடு இருக்கும்?" என்று கேட்டான் பிரசாத்.

"அறுபது இருக்கும்."

"அதுல உனக்கு எத்தனை பேரைத் தெரியும்?"

கல்யாணி விரல் விட்டுப் பார்த்தாள். நாலு விரலோடு நின்றுவிட்டது.

"அப்போ இன்னிக்கு சாயங்காலம் ஆறு மணிக்கு அஞ்சாவது வீட்டுக் கதவைத் தட்டறோம்" என்றான் பிரசாத்.

"தட்டினதும் முதல்ல என்ன சொல்றது?"

"கழிப்பறையிலேருந்து ஆரம்பி. யார் எவர்னு அப்புறம் சொல்லிக்கலாம்."