மூன்று வயல்களைத் தாண்டி

விசாரணை அதிகாரி ஆஸ்பத்திரிக் கட்டிலின் கால்மாட்டில் காகிதத்தை விரித்தார். இன்ஜின் இல்லாத கிளைடர் விபத்தன்று பறந்த பாதை அது. சிவப்புக் கோடு மூன்று வயல்களைத் தாண்டி, நாலாவதில் ஒரு மதிலோரம் முடிந்திருந்தது.

கிளைடரை ஓட்டியவர் கட்டிலில் கிடந்தார். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. பக்கத்தில் மனைவி. ஜன்னலோரம் அவளுடைய அண்ணன், பறக்கும் கிளப்பின் தலைமைப் பயிற்சியாளர். மாப்பிள்ளைக்குப் பறக்கக் கற்றுக் கொடுத்தவரும் அவரே.

மேலே தூக்கும் காற்று ஓய்ந்துவிட்டால், ஆயிரம் அடி உயரத்திலேயே நல்ல வயலாகப் பார்த்து முடிவெடுத்துவிட வேண்டும். கற்றுக்குட்டிக்கும் தெரிந்த பாடம். ஆயிரம் அடியில் அறுவடை முடிந்த வயல், எண்ணூறில் இன்னொன்று, அறுநூறில் நல்ல சமதளமாக ஒன்று. மூன்றையும் விட்டுவிட்டு, எட்டாத விமானத் திடலை நோக்கி ஏன் போனார் என்பதுதான் அதிகாரியின் கேள்வி.

பயிற்சியாளருக்குப் பதில் தெரியும். போன மாதமும் இப்படித்தான் காற்று ஓய்ந்து, மாப்பிள்ளை ஒரு வயலில் இறங்கினார். கிளைடரில் ஒரு கீறல் இல்லை. தட்டிக்கொடுத்திருக்க வேண்டும். ஆனால் டிரெய்லரோடு போய், இறக்கைகளைக் கழற்றி ஏற்றி வந்ததில் பயிற்சியாளரின் ஞாயிற்றுக்கிழமை பாழ். அந்தக் கடுப்பில், அடுத்த தடவை வாலில் கலப்பையும் கட்டி அனுப்புகிறேன் என்று கேண்டீனில் எல்லார் முன்னாலும் சொன்னார். கிளப்பே சிரித்தது. அன்றிலிருந்து மாப்பிள்ளைக்கு ‘டிராக்டர்’ என்று பெயர்.

“திடல் எட்டிடும்னு நெனச்சேன் சார். தப்பு என்னோடதுதான்” என்றார் கட்டிலில் கிடந்தவர். கண் மட்டும் ஜன்னல் பக்கம் இருந்தது.

அதிகாரி பயிற்சியாளரிடம் திரும்பினார். வயலில் இறங்கவே தயங்கும்படி கிளப்பில் கேலி, கிண்டல் ஏதாவது உண்டா என்று கேட்டார். உண்டு என்றால் பயிற்சியாளர் பதவி போகும். இருபது வருடப் பெயர் போகும்.

“அப்படியெல்லாம் ஒண்ணும் இல்ல சார்.”

விமானியின் தவறான முடிவு என்று அதிகாரி எழுதினார். இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். அதிகாரி காகிதத்தைச் சுருட்டிக்கொண்டு போனார்.

“நீங்க சொல்லுவீங்கன்னு பாத்தேன் மச்சான். நான் சொன்னா உங்களைப் போட்டுக் குடுத்த மாதிரி ஆயிடும்.”

“விளையாட்டுக்குச் சொன்னது மாப்பிள்ளை அது.”

“தெரியும். கீழ வயலு நல்லாத்தான் தெரிஞ்சுது. இறங்கினா டிரெய்லரோட நீங்க வரணுமே, அதுதான் மனசுல ஓடுச்சு.”

தங்கை எழுந்து கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்தாள்.

“நீ வெளிய போண்ணா. இவருக்குத் துணி மாத்தணும்.”

பயிற்சியாளர் வராந்தா பெஞ்சில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். துணி மாற்ற அவ்வளவு நேரம் ஆகாது. யாரும் கூப்பிடவில்லை.