ஓடை தாங்குமா

மலேசியாவில் லுக்குட் பக்கத்து எஸ்டேட் ஓடை எவ்வளவு அமிலத்தைத் தாங்கும் என்று அளக்க வந்திருந்தாள் சுற்றுச்சூழல் இலாகா அதிகாரி ரோகினி. நிறங்காட்டி மருந்து கலந்து குப்பியில் பச்சையாக நின்ற ஓடைநீர், சொட்டுச் சொட்டாக அமிலம் விட்டும் சிவக்கவே மாட்டேன் என்று அடம்பிடித்தது. இவ்வளவு தாங்கும் ஓடை என்றால், மேலே வரப்போகும் ரப்பர் ஆலை அமிலக் கழிவைத் தாராளமாக இதில் விடலாம். கீழே, கூடவே வந்து நின்ற குமுதவல்லியின் மீன்குளங்கள். இந்தத் தண்ணீர் கெட்டால் அவள் பிழைப்பும் போச்சு.

"நல்ல தண்ணிதானே மேடம், இதையே எழுதிடுங்கலா," என்றார் ஆலைக்காரர் சத்தியசீலன். அவர் அவசரம் அவருக்கு.

ரோகினிக்கு எரிச்சலாக வந்தது. வெறும் பாறையும் மணலுமான ஓடைக்கு இத்தனை தெம்பு எங்கிருந்து வந்தது? அமிலத்தை அடக்கும் சுண்ணாம்புக்கல் மருந்துக்கும் கிடையாதே!

"அக்கா, மேல யாராச்சும் எதையாச்சும் கொட்டினாங்களா?"

"குப்பையெல்லாம் இல்லம்மா," என்றாள் குமுதவல்லி. "முந்தாநாளு நம்ம கோயில் தீமிதி. குழிச் சாம்பல் கால்ல மிதிபடக்கூடாதுல்ல? நான்தான் லோரி புடிச்சு, மூட்டை மூட்டையா பாலத்துக்கு மேல மடுவுல கரைச்சேன். சாமி காரியம்லா."

மடுவில் தங்கிய சாம்பல்தான் அமிலத்தை விழுங்குகிறது, இது ஓடையின் சொந்தத் தெம்பு அல்ல. பக்தியோடு தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டவளிடம் அதை எப்படிச் சொல்வது? ரோகினி சுற்றி வளைக்காமல் சொன்னாள். குமுதவல்லிக்கு முகம் வெளுத்தது.

"மடுவுக்கும் மேல போய் அளப்போம், வாங்க."

"மழை வருது மேடம்," என்றார் சத்தியசீலன்.

"வரட்டும்."

செம்பனை வரிசைகளைத் தாண்டி, அட்டை கடிக்கக் கடிக்க ஏறினார்கள். சத்தியசீலனும் முணுமுணுத்தபடி பின்னால் வந்தார். விட்டுவிட்டுப் போக அவருக்கு மனமில்லை.

சாம்பல் எட்டாத இடத்தில் நீர் மொண்டு, மருந்து கலந்து, குப்பியைக் குமுதவல்லியிடமே கொடுத்தாள் ரோகினி. "நீங்களே விடுங்கக்கா."

முதல் சொட்டுக்கு நிறம் மாறவில்லை. அடுத்த சொட்டு விழுந்ததும் குப்பி முழுக்கச் சிவந்துவிட்டது.

பிழைப்பு தப்பியது என்று குமுதவல்லி சிரித்திருக்கலாம். அவளுக்கோ அழுகைதான் வந்தது.

"இவ்ளோ நோஞ்சானாம்மா நம்ம ஓடை?"

"ஆமாக்கா," என்றாள் ரோகினி. "அதான் யாரையும் இதுல கைவைக்க விடமாட்டேன்."