இரண்டாம் வளைவில் சொன்ன ஒரு சொல்

எங்கள் ஊர் நாரைகள் இடப்பக்கமாக மட்டுமே வட்டமிடும். பந்தயத் தடத்தின் ஒலிபெருக்கிக் கம்பத்தில்தான் அவை கூடு கட்டுகின்றன. முட்டையிலிருந்து வெளியே வந்த நாளிலிருந்து, ஞாயிறுதோறும் நான்கு மோட்டார் சைக்கிள்கள் இடப்பக்கமாகவே சுற்றுவதைப் பார்த்து வளர்கின்றன. ஆகஸ்டில் ஆப்பிரிக்காவுக்குக் கிளம்பும்போது பாவம், நேராகப் பறக்கத் தெரிவதில்லை. சுற்றிச் சுற்றிப் போய்ச் சேர மற்ற நாரைகளைவிடப் பதினோரு நாள் கூடுதலாக ஆகிறது. இதை நான் சொன்னபோது பள்ளிக்கூடத்து அறிவியல் ஆசிரியை குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.

என் பெயர் ஹியெரோனிம். ஊருக்கு ஹிரெக், மரியாதையாகக் கூப்பிடுகிறவர்களுக்கு பான் ஹிரெக். லிப்கோவோ ஸ்பீட்வே தடத்தின் இரண்டாம் வளைவில் இருபத்தாறு வருஷம் சிவப்புக் கொடியோடு நின்றவன். பிரேக்கே இல்லாத வண்டிகள் நாலு சுற்றும் என் மூக்குக்கு முன்னால்தான் சறுக்கித் திரும்பும். அவை வாரியிறைத்த மண் என் மீசையில் தங்கி, ஒரு மழைக்காலத்தில் அங்கே முள்ளங்கி முளைத்தது. என் மனைவி அதைப் பறித்து சூப் வைத்தாள். வண்டிகளுக்கு ஊற்றும் மெத்தனால் வாசனை கொஞ்சம் அடித்தது, மற்றபடி குறையில்லை.

இப்படி நிறையச் சொல்லியிருக்கிறேன். எதுவும் பொய்யில் சேராது. கேட்பவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். வாழ்நாளில் நான் சொன்ன பொய் ஒன்றே ஒன்று. அதுவும் ஒரே ஒரு சொல்.

அது செப்டம்பர் மாதம், பருவத்தின் கடைசிப் பந்தயம், அதிலும் கடைசி ஓட்டம். தோற்றால் எங்கள் குழு கீழ்ப் பிரிவுக்கு இறங்கவேண்டும். எங்கள் பக்கம் சிவப்புத் தலைக்கவசத்தில் சில்வெக். பதினேழு வயது, சர்க்கரை ஆலையில் கிழங்கு எடைபோடும் ஹலினாவின் மகன். எதிர்ப்பக்கம் மஞ்சள் தலைக்கவசத்தில் அலோய்ஸி கெம்பா. முப்பத்தெட்டு வயது, இருபது வருஷமாக ஒருவரையும் இடித்ததில்லை என்று பெயர் எடுத்தவர்.

தொடக்கக் கோட்டில் கட்டிய நாடா மேலே எழுந்ததும் சில்வெக் முந்தினான். இரண்டாம் வளைவில் அலோய்ஸி அவனுக்கு உள்பக்கமாக நுழைந்தார். இடையில் ஒரு ஆள் நடந்துபோகும் அளவுக்கு இடம் இருந்தது. தான் தோற்றுவிட்டது சில்வெக்குக்குத் தெரிந்தது. முதலில் வேகத்தைக் குறைத்தான். பிறகு முழங்காலை மடக்கினான். பிறகு தூங்குகிற குழந்தையைத் தொட்டிலில் கிடத்துவதுபோல் தன்னைத்தானே தரையில் கிடத்திக்கொண்டான். வண்டி சறுக்கிப்போய் வேலியில் முட்டியது.

நான் கொடியைத் தூக்கினேன். ஓட்டம் நின்றது. எங்கும் புழுதி. என் காலடியிலிருந்து நாலு முழத்தில் மல்லாந்து கிடந்தவன், ஒரு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டான்.

வேலிக்குப் பின்னால் ஊர் முழுக்கக் கத்தியது. "டேய் கிழட்டுப் பயலே, குழந்தையைக் கொல்லப் பாக்குறியாடா!" "கெம்பா, போய் டிராக்டர் ஓட்டு!" சூரியகாந்தி விதை மென்றுகொண்டிருந்த ஒரு அம்மாள், விதையோடு சேர்த்துத் தன் செருப்பையும் எறிந்தாள்.

என் கம்பத்தில் இருந்த தொலைபேசி அடித்தது. கோபுரத்திலிருந்து நடுவர்.

"இங்க ஒரே புழுதி, ஒண்ணும் தெரியல. மஞ்சள் தொட்டாரா, தொடலையா?"

"தொட்டார்" என்றேன்.

அவ்வளவுதான். அலோய்ஸியை நீக்கினார்கள். சில்வெக் எழுந்து, கொஞ்சம் நொண்டி, மறு ஓட்டத்தில் முதலாவதாக வந்தான். நாங்கள் பிரிவில் தங்கினோம். அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள். என்னையும் தூக்கப் பார்த்தார்கள், நான் கனம் என்று விட்டுவிட்டார்கள்.

ஒரு வாரம் கழித்து அலோய்ஸி தன் குட்டி ஃபியட் காரில் எங்கள் ஊருக்கு வந்தார். பின் இருக்கையில் கம்பளி போர்த்தி ஒரு எஞ்சின். அதை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு ஹலினா வீட்டு வாசலில் நின்றார். நானும் அங்கே இருந்தேன். ஹலினா வெற்றிக்கு ஆப்பிள் கேக் செய்திருந்தாள்.

"தம்பி, இது என் எஞ்சின். நீ வச்சுக்க. நான் ஓட்டுறதை விட்டுட்டேன்."

"ஏன்?" என்று கேட்டான் சில்வெக். குரல் எலிக்குஞ்சு மாதிரி வந்தது.

"உன்னைத் தொட்ட மாதிரியே எனக்குத் தெரியலப்பா. அதான் பயமா இருக்கு. தெரியாமயே ஒரு பையனைக் கவுக்குற அளவுக்கு எனக்கு வயசாயிடுச்சு." பிறகு என் பக்கம் திரும்பினார். "நல்ல வேளை, பான் ஹிரெக் பாத்தார்."

என் வாயில் ஆப்பிள் கேக் இருந்தது. விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. ஒரு மணி நேரம் அப்படியே இருந்தேன். இது கதை இல்லை.

சில்வெக்கின் ஏற்றம் அந்த எஞ்சினில்தான் தொடங்கியது. வாரம் தவறாமல் அலோய்ஸி அதைக் கழற்றிக் கொண்டுபோய், வால்வு தேய்த்து, காது வைத்துக் கேட்டு, திருப்பிக் கொண்டுவருவார். எதுவும் வாங்கிக்கொள்ள மாட்டார். அடுத்த வருஷம் சில்வெக் வட்டார இளையோர் போட்டியில் ஜெயித்தான். அதற்கடுத்த வருஷம் பத்திரிகையில் படம் வந்தது. அவன் தடத்தில் போகும் வேகத்தில் நிழல் பின்தங்கிவிடும். ஓட்டம் முடிந்து அவன் சட்டை மாற்றிய பிறகுதான் நிழல் மூச்சு வாங்கிக்கொண்டு வந்து சேரும். நானே வழிகாட்டி அனுப்பியிருக்கிறேன். ஆனால் ஒவ்வொரு கோப்பையையும் வாங்கும்போது அவன் தரையைத்தான் பார்ப்பான். கூச்ச சுபாவம் என்று எழுதினார்கள்.

தேசிய இளையோர் இறுதிப் போட்டிக்குத் தேர்வானான். போட்டிக்கு ஒரு வாரம் இருக்கும்போது, என்னால் தாங்க முடியாமல் அலோய்ஸியின் பட்டறைக்குப் பஸ் ஏறிப் போனேன்.

"அலோய்ஸி, நீங்க அவனைத் தொடவே இல்ல."

வால்வைத் துடைத்துக்கொண்டே "ம்ம்" என்றார்.

"அவனாத்தான் படுத்துக்கிட்டான். ஒரு கண்ணைத் திறந்து என்னைப் பாத்தான்."

"எந்தக் கண்ணு?"

"இடது கண்ணு."

"இடதா! அவன் என்ன, உங்க நாரைங்களுக்குச் சொந்தக்காரனா?" விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு என் தோளைத் தட்டினார். "என் மனசு ஆறணும்னு சொல்றீங்க. நல்ல மனுஷன் நீங்க. ஆனா கொடி கையில இருந்தப்ப என்ன சொன்னீங்களோ அதான் நெசம். கொடி இல்லாதப்ப நீங்க சொல்றதை எங்க வீட்டுக் கோழிகூட நம்பாது."

கிளம்பும்போது அவர் மனைவி ஒரு ஜாடி வெள்ளரி ஊறுகாய் கொடுத்தாள். வாங்கிக்கொண்டேன். பஸ்ஸிலேயே பாதி தின்றேன். வெட்கப்படுகிறவனுக்குப் பசிக்காது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

சில்வெக்கிடம் வந்து சொன்னேன்.

"எதுக்கு மாமா போனீங்க?" என்றான், முகமெல்லாம் வெளிறி. "ஞாயித்துக்கிழமை முடியட்டும். அப்புறம் நானே சொல்றேன்."

"போன ரெண்டு வருஷத்துல எத்தனை ஞாயித்துக்கிழமைடா முடிஞ்சது?"

வண்டிச் சங்கிலிக்கு எண்ணெய் போடக் குனிந்துகொண்டான்.

வெள்ளிக்கிழமை காலை கடைசிப் பயிற்சி. தடத்தில் நாங்கள் மூன்று பேர்தான். அலோய்ஸி புதிதாகச் செப்பம் செய்த எஞ்சினை வண்டியில் பூட்டிவிட்டுத் தள்ளி நின்று பார்த்தார். வளைவில் தரையை உரச இடது காலில் மாட்டும் இரும்புச் செருப்பின் வார் தளர்ந்திருப்பது அவர் கண்ணில் பட்டது. மண்ணில் மண்டியிட்டு, பையனின் காலைத் தன் தொடையில் தூக்கி வைத்து, வாரை இழுத்துக் கட்டினார். தலை உச்சியில் முடி கொட்டியிருந்தது தெரிந்தது.

சில்வெக் அந்தத் தலையையே பார்த்தான். பிறகு தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு சொன்னான். "பான் அலோய்ஸி, ரெண்டாம் வளைவுல மாமா பக்கத்துல போய் நில்லுங்க. நல்லாப் பாருங்க."

நின்றோம். தனி வண்டி. நேர்த்தடத்தில் சீறிக்கொண்டு வந்தான். இரண்டாம் வளைவில் முதலில் வேகத்தைக் குறைத்தான். பிறகு முழங்காலை மடக்கினான். பிறகு, அதே தொட்டிலில் கிடத்துகிற மாதிரி, படுத்துக்கொண்டான். வண்டி வேலியில் முட்டி அணைந்தது. பக்கத்தில் ஒரு ஈகூட இல்லை.

மல்லாந்து கிடந்தவன் எழவில்லை. இந்தத் தடவை இரண்டு கண்ணையும் மூடியிருந்தான். இமைக்கு அடியிலிருந்து தண்ணீர் வழிந்து புழுதியில் கோடு போட்டது.

அலோய்ஸி அவனிடம் போகவில்லை. அவன் விழுந்த இடத்தையும் வண்டி போட்ட தடத்தையும் ரொம்ப நேரம் பார்த்தார். இருபது வருஷம் ஓட்டியவருக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை. பிறகு என் பக்கம் திரும்பினார்.

"தொட்டேனா?"

"தொடல" என்றேன்.

தன் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்துக்கொண்டார். "அப்ப எனக்கு வயசாகல" என்றார், மெதுவாக. அவர் திட்டியிருந்தால் நான் நிமிர்ந்து நின்றிருப்பேன். அந்தச் சொல்லைக் கேட்டு நான் உட்கார வேண்டியிருந்தது.

சில்வெக் எழுந்து வந்து ஸ்பேனரை நீட்டினான். அவரே எஞ்சினைக் கழற்றினார். பையன் மறுமுனையைப் பிடித்துக்கொண்டான். அதே கம்பளியைப் போர்த்தி ஃபியட்டில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

ஞாயிறன்று இறுதிப் போட்டியில் சில்வெக் கிளப்பின் பழைய எஞ்சினில் ஓட்டினான். அது இருமும், தும்மும், மூன்றாம் சுற்றில் நின்று விசாரித்துவிட்டுப் போகும். ஐந்து ஓட்டம் ஓடினான், ஐந்திலும் கடைசி. ஒன்றில்கூட விழவில்லை. வேலிக்கு அப்பாலிருந்து, "சில்வெக், எஞ்சினை எங்கடா அடகு வச்ச?" என்று கேட்டார்கள். அவன் முதல்முறையாகக் கூட்டத்தை நிமிர்ந்து பார்த்தான்.

நான் லீக் அலுவலகத்துக்கு நடந்ததை எழுதிப் போட்டேன். பதில் வந்தது: ஆட்சேபம் பதினான்கு நாளுக்குள் வந்திருக்கவேண்டும். கொடியை மடித்துக் கிளப்பில் கொடுத்தேன். "ஏன் ஹிரெக்?" என்றார் தலைவர். சொன்னேன். "இந்தக் கதை உங்க மத்த கதை மாதிரி சுகமா இல்லையே" என்றார்.

அடுத்த ஏப்ரலில், நாற்பது வயதில், அலோய்ஸி கெம்பா மீண்டும் மஞ்சள் தலைக்கவசத்தோடு எங்கள் தடத்துக்கு வந்தார். இரண்டாம் வளைவில் சில்வெக்குக்கு உள்பக்கமாக நுழைந்து, ஒரு ஆள் நடந்துபோகும் அளவு இடம் விட்டு, முந்திப் போனார். சில்வெக் தள்ளாடினான், ஆனால் வண்டியை விடவில்லை. ஓட்டம் முடிந்ததும் தடத்திலேயே அவரருகில் போய் நின்று கையை நீட்டினான். அவர் கொஞ்ச நேரம் அந்தக் கையைப் பார்த்துவிட்டு, கையுறையைக் கழற்றாமல் பிடித்தார். கழற்றவில்லை என்பதை நான் கவனித்தேன், அவனும் கவனித்திருப்பான்.

நான் இப்போது வேலிக்குப் பின்னால், எல்லோரோடும் சேர்ந்து புழுதி தின்கிறேன். அலோய்ஸி என் பக்கம் பார்ப்பதில்லை. பக்கத்தில் நிற்பவர்கள் ஒரு கதை சொல்லச் சொன்னால், நாரைகளைப் பற்றிச் சொல்கிறேன்.