நடக்க முடிந்தவர்கள் முதலில்

ஆஸ்பத்திரி வேலையை விட்டுப் பல வருஷம் ஆகியும் சிஸ்டர் சிஸ்டராகவே இருந்தார். முதியோருக்கான பகல் பராமரிப்பு இல்லம் ஒன்றைத் தொடங்கி, 'பொறுப்பாளர்' என்று அறைக் கதவில் பலகை மாட்டிப் பார்த்தார். ஒருவரும் அப்படிக் கூப்பிடவில்லை.

முன்பு ஃபர்னிச்சர் கடையாக இருந்த கட்டடம் அது. மாடி கிடையாது. காலையில் வேலைக்குப் போகும் பிள்ளைகள் பெற்றோரைக் கொண்டுவந்து விடுவார்கள். சிலரை வேன் போய்க் கூட்டிவரும். சாயங்காலம் வரை சீட்டாட்டம், டிவி, தூக்கம், நடுநடுவே சில்லறைச் சண்டை. பெரிய தொந்தரவு எதுவும் இருந்ததில்லை.

உரிமம் புதுப்பிக்க வேண்டிய சமயத்தில் தீயணைப்புத் துறையிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். அதிகம் பேசாத மனிதர். வந்ததும் பின்கதவைத் தள்ளிப் பார்த்தார். பூட்டு, தாழ்ப்பாள் எதுவும் இல்லாமல் வெளிப்பக்கமாகத் திறந்தது, தலையை ஆட்டிக்கொண்டார். தீயணைப்பானின் முள் பச்சையில் நிற்கிறதா என்று குனிந்து பார்த்தார். கதவுக்குப் போகும் வழியில் அடுக்கியிருந்த பிளாஸ்டிக் நாற்காலிகளைப் பார்த்து, "இதெல்லாம் இங்க இருக்கக் கூடாது" என்றார். சமையல்காரர் அந்த நொடியே அவற்றைத் தூக்கிக்கொண்டு போனார்.

"சரி, மணியை அடிங்க. எல்லாரும் எப்படி வெளிய வர்றாங்கன்னு பாக்கிறேன்."

வெளியேறும் முறையை எல்லோருக்கும் ஏற்கெனவே சொல்லிவைத்திருந்தார்கள். நடக்க முடிந்தவர்கள் முதலில் போய், வண்டி நிறுத்தும் இடத்தில் விளக்குக் கம்பத்தருகே நிற்க வேண்டும். நடக்க முடியாதவர்களைப் பணியாளர்கள் சக்கர நாற்காலியோடு கொண்டுவருவார்கள். நாற்காலி முதலில் போனால் வாசல் அடைத்துக்கொள்ளும், அதனால்தான் இந்த வரிசை. வெளியே போனவர் எக்காரணம் கொண்டும் திரும்ப உள்ளே வரக் கூடாது.

மணி அடித்தது. சீட்டாடிக்கொண்டிருந்தவர்கள் சீட்டைக் கையோடு எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். காது கேட்காத பெரியவர் சுவரில் மின்னிய சிவப்பு விளக்கைப் பார்த்துவிட்டு, எல்லோருக்கும் முன்னால் போய்க் கம்பத்தடியில் நின்றார். கைத்தடியோடு தையல்காரம்மாவும் போனார். போனவர், கம்பத்தடியில் நின்றிருந்த முகங்களை ஒரு தடவை பார்த்தார். பிறகு அப்படியே திரும்பி உள்ளே நடந்தார்.

வாசலில் முதல் சக்கர நாற்காலி எதிரே வந்துகொண்டிருந்தது. தையல்காரம்மாவின் கைத்தடி அதன் சக்கரத்தில் மாட்டியது. பின்னால் வந்த நாற்காலி இதன்மேல் இடித்தது. "தள்ளும்மா, தள்ளு!" என்று ஒருவர் கத்த, "எங்க தள்ள? வழி விட்டாத்தானே!" என்று தையல்காரம்மா திருப்பிக் கத்தினார். எல்லோருக்கும் பின்னால், அசையாத நாற்காலியில் அவருடைய கணவர் கிரேன்காரர் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அதிகாரி கையிலிருந்த நிறுத்துக் கடிகாரத்தை நிறுத்தினார். "நெஜமான புகையா இருந்தா, உள்ள மாட்டினவங்க உள்ளதான்" என்றார். குரலில் கோபம் இல்லை. "சரி பண்ணுங்க. அடுத்த மாசம் மறுபடி வரேன்."

கிரேன்காரர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். டன் கணக்கில் சரக்கைத் தூக்கி இறக்கியவரை, பக்கவாதம் வந்த பிறகு நாற்காலியிலிருந்து கட்டிலுக்கு மாற்ற இரண்டு பேர் தேவைப்பட்டார்கள். ஆளுக்கு அப்படியொரு உடம்பு. அவர் மனைவி பள்ளிச் சீருடை தைத்துக் குடும்பத்தை ஓட்டியவர், எழுபதைத் தாண்டியும் நன்றாக நடமாடினார். கைத்தடியைத் தரையில் ஊன்றியதைவிட ஆட்களை நோக்கி நீட்டியதுதான் அதிகம். அவர் வீட்டிலேயே இருந்திருக்கலாம். கணவர் வருகிறார் என்பதற்காகத் தானும் வந்தார்.

மறுநாள் சிஸ்டர் தையல்காரம்மாவைப் பக்கத்தில் உட்காரவைத்து நிதானமாக விளக்கினார். அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். அடுத்த நாள் ஒத்திகைக்கு மணி அடித்தது. வெளியே போனார், முகங்களைப் பார்த்தார், திரும்பி உள்ளே வந்தார்.

அடுத்த வாரமும் அதே கதைதான். உரிமம் போனால் இத்தனை பேரும் பகல் முழுக்கப் பூட்டிய வீட்டில் தனியாகக் கிடக்க வேண்டியதுதான். கடைசியில் சிஸ்டர், தையல்காரம்மா குளியலறைக்குப் போயிருந்த நேரம் பார்த்துக் கிரேன்காரரிடம் போனார்.

"ஐயா, நீங்கதான் சொல்லணும். நான் சொல்லி எடுபடல."

"என் பேச்சை அவ எப்ப கேட்டிருக்கா?" என்றார் அவர். பிறகு கொஞ்சம் யோசித்தார். "சரி, விடுங்க. நான் பாத்துக்கிறேன்."

அவர் பார்த்துக்கொண்ட விதம்தான் சிஸ்டருக்கு வெகுநாள் உறுத்தியது. டீ நேரத்தில், எல்லோரும் இருக்கும்போது, தையல்காரம்மா கணவரின் வாயோரம் வழிந்த டீயைத் துடைக்கக் கைக்குட்டையை நீட்டினார். கிரேன்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"செத்தாலும் பின்னாலயே வருவியா நீ? அங்கயாவது என்னைக் கொஞ்சம் நிம்மதியா இருக்க விடேன்!"

சீட்டு மேசையில் இருந்தவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். தையல்காரம்மா சிரிக்கவில்லை. கைக்குட்டையை மடித்து மடியில் வைத்தார். எழுந்து போய் டிவிக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். மருந்துப் பெட்டியும் கையுமாக நின்ற சிஸ்டர் எதையும் கேட்காதவர் போல மாத்திரைகளைப் பிரித்தார்.

அதன்பின் தையல்காரம்மா கணவரிடம் பேசவில்லை. வழக்கம்போல ஒரே வேனில்தான் வந்தார்கள். ஆனால் தையல்காரம்மா டிரைவருக்குப் பக்கத்தில் ஏறிக்கொண்டார். டீ நேரத்தில் கிரேன்காரரின் வாயைப் பணிப்பெண் துடைத்துவிட்டாள். அவள் ஆள் மெலிந்தவள் என்பதால் எல்லோரும் அவளை ஒல்லி என்றே கூப்பிடுவார்கள். கிரேன்காரர் சீட்டாட்டத்தில் தோற்றுக்கொண்டே இருந்தார். மனைவி உட்கார்ந்திருந்த பக்கம் பார்ப்பார். அவர் திரும்பினால் சீட்டைப் பார்ப்பார்.

சொன்னபடி அதிகாரி மறுபடி வந்தார். மணி அடித்தது. தையல்காரம்மா எழுந்தார், வெளியே போனார், கம்பத்தடியில் முதுகைக் காட்டி நின்றார். ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. நாற்காலிகள் ஒன்றன்பின் ஒன்றாக, எதிலும் முட்டாமல் வந்தன. கடைசியில் கிரேன்காரரை ஒல்லி மூச்சிரைக்கத் தள்ளிக்கொண்டு வந்தாள். அதிகாரி கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "ம்" என்றார். அவர் பாஷையில் அது பெரிய பாராட்டு.

சிஸ்டர் குனிந்து கிரேன்காரரின் காதருகே, "ரொம்ப நன்றி ஐயா" என்றார்.

"கத்துக்கிட்டா, பரவால்ல" என்றார் அவர். கண் கம்பத்தின் பக்கமே இருந்தது. பிறகு தனக்குத்தானே சொல்வது போல, "திரும்பிக்கூடப் பாக்கலயே" என்றார்.

சிஸ்டர் அதிகாரியிடம் போனார். அவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த சான்றிதழை வாங்கி மேசை இழுப்பறையில் வைத்தார். சந்தோஷப்பட வேண்டிய நேரம்தான். ஆனால் டீ நேரத்தில் மடிந்த கைக்குட்டைதான் நினைவுக்கு வந்தது.

மத்தியானம் கிரேன்காரர் நாற்காலியிலேயே தூங்கிப்போன பிறகு, தையல்காரம்மா சிஸ்டரின் அறைக்கு வந்து கதவைச் சாத்தினார்.

"காகிதம் கைக்கு வந்தாச்சா?"

"வந்தாச்சும்மா. உங்களாலதான்."

"அப்ப இனிமே நான் பேசலாம்." நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "இன்னைக்கு நான் போனது உங்க லைசென்ஸுக்காக. நெஜமா பத்திக்கிச்சுன்னா அப்படிப் போவேன்னு நெனச்சிடாதீங்க. உள்ளதான் வருவேன்."

சிஸ்டருக்குச் சுருக்கென்றது. "ஐயா பேசினதுக்குக் கோவமா? நான்தான் அவர்கிட்ட..."

"அவர் வாய் எனக்குத் தெரியாதா? நீங்க சொல்லித்தான் பேசினார்னும் தெரியும். பேச்சை மாத்தாதீங்க. அவரை யார் வெளிய கூட்டிட்டு வருவா? அதைச் சொல்லுங்க மொதல்ல."

"பணியாளர்கள்மா."

"பணியாளர்னா யாரு? பேரில்லாத ஆளா?"

சிஸ்டர் ஒல்லியைக் கூப்பிட்டார். தையல்காரம்மா அவளை உச்சி முதல் பாதம் வரை பார்த்தார்.

"இந்தக் குச்சியா அவரைத் தள்ளும்?"

"காலையில நான்தானேம்மா தள்ளிட்டு வந்தேன்!" என்றாள் ஒல்லி, ரோஷத்தோடு.

"நான் பாக்கலயே. திரும்பக் கூடாதுன்னுதான சொல்லியிருந்தாங்க." கைத்தடி சிஸ்டர் பக்கம் நீண்டது. "இவ லீவு போட்டா?"

"சமையல்காரர் இருக்கார்."

"அவர் எந்நேரமும் அடுப்புகிட்டதான் நிக்கிறார். பத்தினா மொதல்ல அங்கதான் பத்தும்."

திட்டத்தில் இதற்குப் பதில் இல்லை. இரண்டு தடவை வந்து பார்த்த அதிகாரியும் கேட்கவில்லை, சிஸ்டரும் நினைக்கவில்லை. உள்ளுக்குள் கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனாலும் சொன்னார்:

"நான் தள்ளுவேன்."

"உங்க முட்டிக்கு?"

"முட்டி கிடக்கட்டும். இவ இல்லாத அன்னைக்கு அவர் என் பொறுப்பு. பேர் சொல்லிக் கேட்டீங்க, சொல்லிட்டேன்."

தையல்காரம்மா அவரைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். பிறகு எழுந்தார். "நான் கம்பத்துகிட்ட நிக்கிறேன். ரெண்டு பேரும் தனித்தனியா கொண்டுவந்து காட்டுங்க."

தூங்கிக்கொண்டிருந்த கிரேன்காரர் நாற்காலி நகர்ந்ததில் திடுக்கிட்டு விழித்தார். முதலில் ஒல்லி தள்ளிப் போனாள். போய்த் திரும்பியதும் சிஸ்டர் கைப்பிடியைப் பிடித்தார். பல வருஷத்துக்கு முன் ஆஸ்பத்திரியில் தள்ளியதுதான். வாசல் சரிவில் முட்டி கிறீச்சிட்டாலும் விடவில்லை.

"ஒரே நாள்ல எத்தனை தடவைதான் காப்பாத்துவீங்க? ஆளைத் தூங்க விடுங்கம்மா!" என்று கிரேன்காரர் புலம்பிக்கொண்டே கம்பத்தடிக்கு வந்துசேர்ந்தார்.

"வாயை மூடிட்டு உக்காருங்க" என்றார் தையல்காரம்மா. இத்தனை நாள் கழித்து அவரிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான். கிரேன்காரர் உடனே வாயை மூடிக்கொண்டார். முகம் மட்டும் மலர்ந்துவிட்டது. தையல்காரம்மா அவர் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டு, "நெஞ்சு வியர்த்திருக்கு, நிழலுக்குத் தள்ளு" என்று ஒல்லியிடம் சொன்னார்.

அதன்பிறகு வந்த ஒத்திகைகளில் அவர் உள்ளே திரும்பியதில்லை. ஆனால் மணி அடித்ததும் நேராகப் போய்விடவும் மாட்டார். வாசலுக்குப் போகும் முன், கூடம் முழுக்க எதிரொலிக்கும்படி, "ஒல்லி, இருக்கியா?" என்று குரல் கொடுப்பார். "இருக்கேம்மா, நீங்க போங்க!" என்று பதில் வரும். அவள் வராத நாளில், "சிஸ்டர்!" என்று கூப்பிடுவார். பதில் காதில் விழுந்த பிறகுதான் காலை எடுத்து வைப்பார். ஒத்திகையில் யாரும் நின்று பேசக் கூடாது என்பது விதி. சிஸ்டர் அதை அவரிடம் சொல்லவே இல்லை.