இன்றைக்கு ஊசி இல்லை

இடது கண்ணில் சவர்க்கார நுரை பட்டுவிட்டது. ஜெயலெட்சுமி அந்தக் கண்ணை மூடிக்கொண்டு, துவாய் எடுத்துத் தரச் சொல்லலாம் என்று புருஷன் பக்கம் திரும்பினாள். பொன்னையா வாசற்படியில்தான் உட்கார்ந்திருந்தார். காது தெரிந்தது, நரைமுடி தெரிந்தது, சட்டைப் பொத்தான்கூடத் தெரிந்தது. கண்ணும் மூக்கும் இருக்க வேண்டிய இடத்தில் அழுக்குத் தண்ணீர் ஊற்றினாற்போல ஒரு கறை.

"ஏங்க, ஒங்க மூஞ்சி எங்கங்க?" என்றாள்.

அவர் கேலி என்று நினைத்துச் சிரித்தார். சிரித்ததும் அவளுக்குத் தெரியவில்லை.

பசறைக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டத்தில் முப்பத்தொரு வருஷம் அவள் பிள்ளைக்காம்பராவைப் பார்த்துக்கொண்டவள். கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் விட்டுப்போகும் கைக்குழந்தைகளுக்குப் பால் கொடுத்து, தூங்கவைத்து, சாயங்காலம் திருப்பிக் கொடுப்பாள். இரட்டைப் பிள்ளைகளைப் பெற்றவளே தடுமாறும்போது அவள் சரியாகப் பெயர் சொல்வாள். அப்படிப்பட்டவளுக்கு, அறுபத்தெட்டு வயதில், வலது கண் முகங்களைத் தின்றுவிட்டிருந்தது. இடது கண் பார்த்துக்கொண்டதால் இத்தனை நாளும் அது தெரியாமலே போயிற்று.

பதுளை ஆஸ்பத்திரியில் கண் டொக்டர் விளக்கிச் சொன்னார். கண்ணுக்குள் பின்பக்கத்தில் ஒரு திரை இருக்கிறது. வயதாக ஆக அதன் நடுப்பகுதி பழுதாகிறது. வலது கண்ணில் தழும்பு விழுந்துவிட்டது, இனி அதற்குச் செய்ய ஒன்றுமில்லை. இடது கண்ணில் இப்போதுதான் ஆரம்பம். விழுங்க விட்டமின் குளிசை தந்தார், கீரையும் மீனும் சாப்பிடச் சொன்னார். சின்னச் சின்னக் கட்டம் போட்ட ஒரு தாளையும் கொடுத்தார். "தினமும் ஒவ்வொரு கண்ணா மூடிக்கிட்டு இதப் பாருங்க. கோடு வளைஞ்சு தெரிஞ்சா அன்னைக்கே ஓடி வாங்க. இல்லாட்டி நாலு மாசத்துல கிளினிக்."

ஊசியில்லை, ஒபரேஷன் இல்லை. குளிசையும் ஒரு தாளும். கைவிட்டுவிட்டார்கள் என்றுதான் அவளுக்குத் தோன்றியது.

பதுளையில் மருந்துக்கடையில் வேலை செய்யும் மகள் சுதர்ஷினிதான் ஸவாஹிராவைப் பற்றிச் சொன்னாள். கடைத்தெருவில் ஒரு கடையின் மாடியில் அக்குபங்சர் செய்பவள், நாற்பது வயதிருக்கும். முதல் நாளே ஆஸ்பத்திரியில் எழுதிக்கொடுத்த கிளினிக் கொப்பியை வாங்கி ஒரு வரி விடாமல் வாசித்தாள்.

"அம்மா, போன கண்ண நான் திருப்பித் தருவேன்னு சொல்ல மாட்டேன். அப்படி யாரு சொன்னாலும் நம்பாதீங்க. நீங்க தூங்குறதில்லன்னு சொல்றீங்க, தலைவலி இருக்கு. அதுக்குக் குத்துறேன். சாப்பாட்டையும் கொஞ்சம் மாத்துவோம். ஆஸ்பத்திரிய மட்டும் விட்டுடாதீங்க."

ஜெயலெட்சுமி தலையாட்டினாள். ஊசி குத்துவதை மட்டும் ஒரு காதில் வாங்கிக்கொண்டு, மற்றதையெல்லாம் மறு காதில் விட்டுவிட்டாள்.

வியாழக்கிழமை தோறும் பஸ் ஏறினாள். புருவத்தின் ஓரத்தில், கையில், கால் பெருவிரலுக்குப் பக்கத்தில் மயிர் போன்ற ஊசிகள் நிற்க, அரைமணி நேரம் அசையாமல் படுத்திருப்பாள். வீட்டில் காலை ரொட்டி பாதியாகக் குறைந்தது. தேத்தண்ணியில் சீனி நின்றது. அவர்கள் குடியிருந்த லயத்துக்குப் பின்னால் இருந்த துண்டு நிலத்தில் பொன்னாங்காணியும் வல்லாரையும் போட்டாள். முருங்கைக் கீரை, முட்டை, வாரம் இரண்டு நாள் சூடை மீன்.

"என்னா புள்ள, மனுசன் திங்கிறதா இது? ஆட்டுக்குப் போடுற மாதிரி இருக்கு," என்றார் பொன்னையா. ஆனாலும் தின்றார்.

மூன்றாவது வாரத்தில் தூக்கம் வந்தது. தலைவலி போனது. உடம்பு லேசானதும், கண்ணும் தெளிந்துவிட்டதாகவே அவள் நம்பினாள். கட்டத்தாளை எடுப்பதை விட்டாள்; அதை எடுத்தால் வலது கண்ணின் கறையைப் பார்க்க வேண்டும், மனசு கெட்டுப்போகும். கிளினிக் நாளும் ஒரு வியாழக்கிழமையில் விழுந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகாமல் மாடிப்படி ஏறினாள். ஸவாஹிரா கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

அதற்கு இரண்டு வாரம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், கதவு நிலை நடுவில் உள்வாங்கி நின்றது. கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தாள். அப்படியேதான் நின்றது. புதன்கிழமை மின்கம்பமும் நெளிந்தது. அவள் பயப்படவில்லை. உள்ளே கிடந்த நோய் கலங்கி வெளியேறுகிறது, வேலை செய்கிற மருந்து அப்படித்தான் காட்டும் என்று தனக்குத்தானே முடிவுகட்டிக்கொண்டாள். பிள்ளைகளுக்குக் காய்ச்சல் விடும்போது வியர்ப்பதில்லையா?

வியாழக்கிழமை, கட்டிலில் ஏறிப் படுத்த பிறகு, நல்ல சேதி சொல்வது போலத்தான் சொன்னாள். "மிஸ், ஊசி நல்லா புடிக்குது. ரெண்டு நாளா கதவெல்லாம் வளைஞ்சு தெரியுது."

ஸவாஹிராவின் கை நின்றது. "எந்தக் கண்ணுல?"

"அது பாக்கலியே."

ஸவாஹிரா மேசையிலிருந்த நாட்காட்டியை எடுத்து வந்தாள். தன் உள்ளங்கையால் அவளுடைய வலது கண்ணைப் பொத்தினாள். "இந்தக் கட்டமெல்லாம் நேரா இருக்கா?"

நடுவில் இருந்த தேதிகள் குழிக்குள் சரிந்துகொண்டிருந்தன. இரண்டு எண்களைக் காணவே இல்லை.

"எழும்புங்கம்மா. இன்னைக்கு ஊசி இல்ல."

"ஏன் மிஸ்? இவ்வளவு தூரம் வந்துட்டேன்..."

"கிளினிக்குக் கடைசியா எப்ப போனீங்க?"

ஜெயலெட்சுமி கொப்பியைப் பைக்குள் தள்ளினாள். ஸவாஹிரா வெளியே காத்திருந்த மூன்று பேரிடமும் நாளைக்கு வரும்படி சொல்லிவிட்டு, கதவைப் பூட்டி, ஆஸ்பத்திரிக்கு ஓட்டோ பிடித்தாள்.

இடது கண்ணுக்குள் இரத்தம் கசிந்திருந்தது. மூன்று நாளுக்குள் வந்ததால் செய்ய வழியிருக்கிறது, கண்ணுக்குள்ளேயே ஊசி போட வேண்டும் என்றார் டொக்டர். பிறகு கொப்பியைப் புரட்டி, வராமல் விட்ட தேதியில் விரலை வைத்தார்.

"அன்னைக்கு ஏன் வரல்ல?"

"எங்கிட்ட இருந்தாங்க டொக்டர்," என்றாள் ஸவாஹிரா. "தேதிய நான் பாத்திருக்கணும்."

அவர் கொப்பியை மூடினார். தாதியிடம் சொட்டு மருந்து ஊற்றச் சொன்னார்.

கண்ணுக்குள் ஊசி என்றதும் ஜெயலெட்சுமி கட்டிலின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டாள். ஆனால் மரத்த கண்ணில் ஒரு அழுத்தம்தான் தெரிந்தது, எண்ணி முடிப்பதற்குள் தீர்ந்துவிட்டது. வெளியே நீள வாங்கில் ஸவாஹிரா உட்கார்ந்திருந்தாள். சுதர்ஷினி வரும்வரை அவள் போகவில்லை.

மாதத்துக்கு ஒன்றாக மூன்று ஊசி போட்டார்கள். மூன்றாவதுக்குப் பிறகு கதவு நிலை ஏறக்குறைய நேரானது. உற்றுப் பார்த்தால் ஒரு சின்ன நெளிவு மிச்சம். கைக்கெட்டும் தூரத்தில் வந்தால் முகம் தெரிந்தது. வலது கண்ணில் கறை கறையாகவே இருந்தது. இனி இடைவெளி விட்டு ஊசி தொடரும், எவ்வளவு காலம் என்று சொல்ல முடியாது என்றார்கள். அக்குபங்சரை அவள் விடவில்லை. மாதம் ஒரு தடவை தூக்கத்துக்காகப் போகிறாள். போனதும் ஸவாஹிரா கையை நீட்டுவாள், கொப்பியை வாங்கித் தேதியைப் பார்த்த பிறகுதான் ஊசிப்பெட்டியைத் திறப்பாள்.

ஐந்தாவது ஊசிக்குப் போனபோது பொன்னையாவையும் கூட்டிப்போனாள். எனக்கென்ன, கழுகுக் கண் என்று வழிநெடுகச் சொல்லிக்கொண்டு வந்தார். சோதித்துப் பார்த்தார்கள். இரண்டு கண்ணிலும் வெண்புரை. ஒபரேஷன் செய்து வில்லை வைத்தால் பழையபடி தெரியும், பயப்பட ஒன்றுமில்லை என்று தேதி கொடுத்தார்கள்.

திரும்பும் பஸ்ஸில் இரண்டு பேருக்கும் இடம் கிடைத்தது. இரண்டாம் மைல்கட்டை தாண்டும்வரை அவர் ஜன்னலுக்கு வெளியிலேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒனக்கு வந்தது எனக்கு வந்து, எனக்கு வந்தது ஒனக்கு வந்திருக்கலாம்," என்றார்.

"சும்மா இருங்க," என்றாள் ஜெயலெட்சுமி. "நடத்துனரு வாறாரு, டிக்கட்ட எடுங்க."