இருபத்தேழாவது கேள்வி

எங்கள் மில்லுக்கு மனசு டாக்டர் வந்தது 1994 ஆனி மாதம். அதற்கு முன்னால் அங்கே வந்துபோன டாக்டர் ஒருவர்தான். காய்ச்சலுக்கும் கால் வீக்கத்துக்கும் ஒரே வெள்ளை மாத்திரையைக் கொடுப்பார். புதியவர் மாத்திரை கொடுக்கவில்லை. தாள் கொடுத்தார்.

அவரை ஏன் சென்னையிலிருந்து கூட்டி வந்தார்கள் என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும். ராஜபாளையத்தில் அந்த மில்லின் நூற்புப் பிரிவில் நாங்கள் முப்பத்தொரு பெண்கள் தற்காலிகமாக இருந்தோம். இரண்டு வருடத்துக்குள் நானூற்றெண்பது நாள் வேலை பார்த்துவிட்டால் நிரந்தரமாக்க வேண்டும் என்பது சட்டம். அத்தனை பேரும் அதைத் தாண்டியிருந்தோம். சட்டத்தை மாற்ற மில்லால் முடியாது. ஆகவே எங்கள் மனசைப் பார்க்க ஆள் அனுப்பினார்கள்.

வேலுத்தாய் அக்காவுக்கு நிரந்தரம் என்றால் வீடு. மில் குடியிருப்பில் ஓர் அறையும் அடுப்படியும் கிடைக்கும். புருஷன் போன பிறகு ஏழு வருடமாக மடவார் வளாகத்தில் அண்ணன் வீட்டு நடையில், மகளோடு பாய் விரித்துப் படுத்தவள் அவள். ஆண்டாள் தேரோட்டக் கடையில் ஒரு பித்தளைப் பூட்டு வாங்கி, ஒரு வருடமாகச் சாப்பாட்டுப் பையிலேயே வைத்திருந்தாள். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து நாங்கள் ஒரே பஸ்ஸில் வருவோம். பஸ் குலுங்கும்போதெல்லாம் தூக்குச்சட்டியில் பூட்டு மோதிச் சத்தம் கேட்கும்.

மேனேஜர் காசிராஜன் கேண்டீனில் கூட்டம் போட்டார். “இனிமே நீங்க வெறும் தொழிலாளிக இல்ல. மனித வளம். வளத்தை வளர்க்கத்தான் டாக்டர் சபாபதி வந்திருக்காங்க” என்றார்.

பக்கத்தில் நின்ற பிச்சையம்மாள் என் காதில் சொன்னாள்: “வளம் வேணும்னா வயலுக்குக் குப்ப அடிக்கணுமேட்டி. நமக்கு எம்புட்டு வண்டி அடிக்கப் போறாவளாம்?”

நான் சிரிப்பை முந்தானைக்குள் மறைத்தேன். அவள் சொன்னது எவ்வளவு சரி என்று அப்போது தெரியவில்லை.

தாளில் அறுபது கேள்விகள். ஆம் அல்லது இல்லை என்று எழுத வேண்டும். புரியாத கேள்விகளை டாக்டரே வாசித்துக் கேட்டார். ‘விருந்துகளில் புதியவர்களோடு எளிதாகப் பழகுவீர்களா?’ என்று ஒன்று. “பந்தியில எவ சார் பழகுதா? எல பிடிக்கவே நேரம் பத்தல” என்றாள் பிச்சையம்மாள். டாக்டர் அதைக் கவனமாக எழுதிக்கொண்டார். என்ன எழுதினாரோ.

இருபத்தேழாவது கேள்வி இது: ‘அருகில் யாரும் இல்லாதபோது, உங்கள் பெயரைச் சொல்லி யாரோ அழைப்பது போல் கேட்டதுண்டா?’

ஆம் என்று எழுதினோம். எழுதாமல் எப்படி? நூற்பு ஹாலில் எட்டு மணி நேரம் நின்றவள் யாராக இருந்தாலும் அவளுக்குக் கேட்கும். நூல் நூற்கிற அத்தனை ஆயிரம் கதிர்கள் ஒன்றாகச் சுற்றுகிற இரைச்சலுக்குள் முதல் மாதம் அம்மா கூப்பிடுவாள். பிறகு பிள்ளை அழும். செத்தவர்கள்கூடக் கூப்பிடுவார்கள். அதனால்தான் புதிதாக வருகிறவளுக்கு முதல் நாளே சொல்லிக் கொடுப்பார்கள்: பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாதே, இழை அறுந்தது தெரியாமல் போகும், நிஜமாகக் கூப்பிடுகிறவள் தோளைத் தொடுவாள். பஞ்சுத் தூசிக்கு வாயில் துணி கட்டியிருப்போம். அந்த இரைச்சலில் வாய்க்கு வேலை கிடையாது. தோளைத் தொடுவதுதான் பேச்சு.

ஜெயபாய் மட்டும் இல்லை என்று எழுதினாள். மேஸ்திரி பொன்னுராஜின் அக்கா மகள். பேருக்குத்தான் நூற்புப் பிரிவு. உட்கார்ந்திருந்தது டைம் ஆபீசில், மின்விசிறிக்கு அடியில். அவளை எது கூப்பிடும்?

பத்து நாளில் முடிவு வந்தது. காசிராஜன் வாசித்தார். ஜெயபாய் நிரந்தரம். மற்ற முப்பது பேருக்கும் ‘இல்லாத குரல் கேட்கும் மனநிலை’ இருக்கிறதாம். இயந்திரத்தின் பக்கத்தில் நிரந்தரமாக வைப்பது ஆபத்தாம். ஆறு மாதம் ஆலோசனை கொடுத்து மறுபடி சோதிப்பார்களாம். அதுவரை பழையபடி வேலைக்கு வர வேண்டுமாம்.

முப்பது பேரும் தரையைப் பார்த்து நின்றோம். வேலுத்தாய் அக்காதான் கேட்டாள்.

“நெரந்தரமா நின்னா ஆபத்து. தற்காலிகமா நின்னா அதே மிசின் ஒண்ணுஞ் செய்யாதா சார்?”

காசிராஜன் டாக்டரைப் பார்த்தார். டாக்டர் தாளைப் பார்த்தார்.

“அதுக்கு ஒரு விஞ்ஞான முறை இருக்கும்மா” என்றார் டாக்டர்.

“இருக்கட்டும் சார். நீங்க ஒரு தடவையாச்சும் உள்ள வந்து பாத்தியளா?”

அவர் பார்க்கவில்லை. பத்து நாளும் விருந்தினர் அறையில் இருந்து தாள் திருத்தியிருக்கிறார். மனசைப் படித்தவருக்கு மனசு நிற்கிற இடத்தைப் பார்க்கத் தோன்றவில்லை. எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டதால், “வரேன், அதனால என்ன?” என்று எழுந்தார். ஆள் மோசமில்லை, படிப்புதான் அப்படி.

மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு, நான் பார்க்கிற நூற்பு ஃப்ரேமுக்கும் வேலுத்தாய் அக்காவின் ஃப்ரேமுக்கும் நடுவில் நின்றார். காசிராஜன் வாசலோடு நின்றுவிட்டார், வெள்ளைச் சட்டை. ஐந்து நிமிடம் போயிருக்கும். டாக்டர் சட்டென்று பின்னால் திரும்பினார். அங்கே சுவர்தான் இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து இடது பக்கம் திரும்பினார். தூசி பறந்துகொண்டிருந்தது. மூன்றாவது முறை முழுதாகச் சுற்றித் திரும்பி, எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். எல்லா வாயிலும் துணி கட்டியிருந்தது.

அவர் வெளியே போனார். வேலுத்தாய் அக்கா என் தோளைத் தொட்டுத் தன் ஃப்ரேமைப் பார்த்துக்கொள்ளச் சைகை காட்டிவிட்டுப் பின்னாலேயே போனாள். அறுந்த இழையை ஒட்டுகிற சாக்கில் நான் வாசல் பக்கக் கதிருக்கு நகர்ந்தேன்.

“உள்ள என்னை யார் கூப்பிட்டது?” என்று கத்திக் கேட்டார் டாக்டர்.

அக்கா வாய்த் துணியைக் கீழே இறக்கினாள்.

“இருபத்தேழு சார்.”

அவர் முகம் போன போக்கை இன்றைக்கு நினைத்தாலும் எனக்குச் சாப்பாடு ருசிக்கும்.

அத்தோடு எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பினோம். உண்மையை ஒருவர் தன் காதாலேயே கேட்டுவிட்டால் மாற்றி எழுதுவார் என்று நினைத்தோம். படிக்காதவர்கள், அப்படித்தான் நினைப்போம். பட்டியல் மாறவில்லை. வியாழக்கிழமைதோறும் எங்களைக் கேண்டீனில் உட்கார வைத்து டேப்பில் கடல் சத்தம் போட்டார்கள். கண்ணை மூடி அமைதியைக் கேட்க வேண்டும். கருத்தம்மாள் குறட்டை விட்டாள். அவளுக்கு நல்ல முன்னேற்றம் என்று எழுதிக்கொண்டார்கள்.

மார்கழியில் மறுசோதனை. டாக்டர் சபாபதி வரவில்லை, தாளை மட்டும் தபாலில் அனுப்பியிருந்தார். இந்தத் தடவை பொன்னுராஜ் கொடுத்தார். முப்பது பேரும் முதலில் இருபத்தேழுக்குத்தான் ஓடினோம். குரல் கேட்கும் கேள்வி அங்கே இல்லை. அதே எண்ணில் வேறொன்று இருந்தது:

‘மேலதிகாரிகள் எடுத்த முடிவை எதிர்த்துக் கேள்வி கேட்டதுண்டா?’

மனோதத்துவம் எவ்வளவு வேகமாகப் படித்துக்கொள்கிறது! ஐந்து நிமிடம் உள்ளே வந்து நின்றதில் அவர் கற்றுக்கொண்டு போனது இவ்வளவுதான். எங்கள் காதில் கோளாறு இல்லை, வேலுத்தாய் அக்காவின் வாயில்தான் இருக்கிறது என்பது.

“ஏக்கா, இல்லைன்னு போடு. பூட்டை நெனச்சுக்கோ” என்றாள் பிச்சையம்மாள்.

வேலுத்தாய் அக்கா பென்சிலைக் கீழே வைத்தாள். அவள் கை பைக்குள் போய்ப் பூட்டைத் தொட்டுவிட்டு வந்ததை நான் பார்த்தேன். பிறகு ஆம் என்று எழுதினாள். மற்ற இடங்களில் எழுதியதைவிடப் பெரிதாக.

“பொய் எழுதுனாலும் அதையும் ஒரு வியாதின்னுதான் சொல்லுவானுக. பேசாம எழுதுடி” என்றாள் பிச்சையம்மாளிடம்.

நான் இல்லை என்று எழுதினேன். பொய் இல்லை. நான் யாரையும் எதுவும் கேட்டதே இல்லை.

தை பிறந்ததும் நோட்டீஸ் போர்டில் ஒட்டினார்கள். எட்டுப் பேர் நிரந்தரம். அதில் என் பெயர் ஐந்தாவது. என்னைப் பற்றி ‘நிதானமான, உறுதியான மனம்’ என்று எழுதியிருந்ததாகக் காசிராஜன் எல்லார் முன்னாலும் வாசித்தார். பயந்தாங்கொள்ளிக்கு இப்படியும் ஒரு பெயர் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். மற்றவர்களுக்கு இன்னும் ஆறு மாதம் கடல் சத்தம். வேலுத்தாய் அக்காவுக்கு மட்டும் மறுநாளிலிருந்து வேலை இல்லை.

கணக்கு முடித்துக்கொண்டு போகிற அன்று அவள் என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். பையிலிருந்து பூட்டை எடுத்து என் கையில் வைத்தாள்.

“இந்தாட்டி. இதாச்சும் ஒரு கதவப் பாக்கட்டும்.”

குடியிருப்பில் மூன்றாவது வரிசையில் என் வீடு. அந்தப் பூட்டுத்தான் தொங்குகிறது. ஆள் குறைத்ததால் அக்காவின் ஃப்ரேமையும் இப்போது நான்தான் பார்க்கிறேன். மத்தியானத்துக்குப் பிறகு அந்தப் பக்கத்திலிருந்து என் பெயர் கேட்கும். அவள் குரல்தான், சந்தேகமே இல்லை. நான் திரும்புவதில்லை. தோளில் கை விழவில்லையே என்பதால் அல்ல. நிரந்தரமானவர்களுக்கு அப்படியெல்லாம் கேட்கக் கூடாது.