பதினெட்டுக்குப் பதினேழு

நம் தலைநகர் வாகடூகுவின் அணைக்கட்டுக்குப் பின்னால் இருக்கும் செம்மண் மைதானத்தில், கடலோர நாட்டு அணியோடு நம் நாட்டு அணி ஆடிய ரக்பி ஆட்டத்தின் கடைசிப் பந்து மேலே போனது. பதினோரு வருடம் கீழே வரவில்லை. அந்த வருடம் சோளம் மலிவு, வெங்காயம்தான் கிராக்கி. பந்து மேலே போகும்போது கணக்கு பதினேழுக்குப் பதினைந்து, நம் அணி இரண்டு பின்னால். நேரம் முடிந்துவிட்டது. ஆனால் எதிராளி செய்த தப்புக்காக நமக்கு ஒரு தண்டனை உதை கிடைத்திருந்தது. கம்பங்களுக்கு நடுவே போனால் மூன்று புள்ளி, போகாவிட்டால் தோல்வி. அதுவரை அந்த அணியை நம்மவர்கள் ஜெயித்ததே இல்லை. வருஷா வருஷம் அடி வாங்கி, பஸ்ஸில் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரும்பியதுதான் சரித்திரம்.

உதைக்க வேண்டியவன் கேப்டன் ரஸ்மானே நிக்கியேமா. டயர் கடைக்காரன், மோசி இனத்தான். அந்தத் தூரத்தைக் கண்ணை மூடிக்கொண்டு உதைப்பான். பந்தை மண்ணில் நிறுத்தப் போன நேரத்தில், முன்வரிசையில் முட்டித் தள்ளுகிற பக்காரி தோயே ஆடி அசைந்து வந்தான். சந்தையில் ஆட்டுக்கறி சுட்டு விற்பவன், சாமோ இனத்தான், பார்த்தால் தானியக் குதிர் நடந்து வருகிற மாதிரி இருக்கும். மோசிக்கும் சாமோவுக்கும் பரம்பரைக் கேலிமுறை. ஒருவனை ஒருவன் அடிமை, நாய் தின்னி என்று எதுவும் சொல்லலாம், கோபித்துக்கொள்ளக் கூடாது. கேலிமுறைக்காரன் ஒன்று கேட்டால் இல்லை என்று சொல்லவும் கூடாது.

"ஏ அடிமை, பந்தக் கொடு. எசமான் உதைக்கப் போறேன்."

"நாய்த்தலை தின்னி, உனக்கு உதைக்கத் தெரியுமாடா?"

"தெரியாது. கொடு."

ரஸ்மானே கொடுத்தான். வேறு எந்த நாட்டுக் கேப்டனும் கொடுத்திருக்க மாட்டான் என்று பிறகு பேப்பர்காரர்கள் எழுதினார்கள். எழுதினவர்களில் பாதிப் பேர் மோசி, மீதிப் பேர் சாமோ. அந்த இடத்தில் அவர்களும் கொடுத்திருப்பார்கள். பக்காரி கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு விட்டான் ஒரு உதை. பந்து நேரே கம்பங்களை நோக்கி ஏறி, அவற்றுக்குக் கொஞ்சம் முன்னால், வேப்பமர உயரத்துக்கு மேலே நின்றுவிட்டது.

நடுவர் கொஸ்ஸி அக்பேகோ மூன்றாவது நாட்டுக்காரர், நேர்மையான மனிதர். பந்து தரைக்கு வராமல் ஆட்டத்தை முடித்து ஊதக் கூடாது என்பது சட்டம். அதை எழுதியது நாம் இல்லை, கடல் கடந்து இருக்கும் பெரிய சங்கம்தான். அவர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு அன்று பொழுது சாயும்வரை நின்றார், மறுநாளும் நின்றார். எதிர் அணிக்காரர்களும், பாவம், பெஞ்சில் படுத்துத் தூங்கி எழுந்து வந்து நின்றார்கள். லீவு முடிந்ததும் நடுவர் ஊதாமலேயே ஊருக்குப் போனார். அதற்குப் பிறகு எந்த மைதானத்திலும் அந்த விசில் சத்தம் எழுப்பவில்லை. அவர் அதை வீட்டில் ஆணியில் மாட்டிவிட்டு மீன் வியாபாரத்துக்குப் போய்விட்டார்.

பெரிய சங்கம் என்ன செய்தது தெரியுமா? நடுவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை, பந்தைப் பார்க்கவில்லை. பதினேழுக்குப் பதினைந்து, தோல்வி என்று பட்டியலில் போட்டு, நம் அணியை ஒரு படி கீழே இறக்கியும் விட்டது. ஏற்கெனவே கீழ்ப்படி, அதற்கும் கீழே ஒரு படி இருந்தது அப்போதுதான் எல்லோருக்கும் தெரிந்தது. ரஸ்மானே விடாமல் கத்திக் கத்தி, கடைசியில் வெள்ளை ஷூ போட்ட அதிகாரி ஒருவர் விமானம் ஏறி வந்தார். குடை நிழலில் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தார். பந்துதான் என்று ஒத்துக்கொண்டார், படமும் எடுத்துக்கொண்டார். பிறகு, இதைக் குறிக்கத் தங்கள் அட்டவணையில் இடமில்லை, கணினி வெற்றி தோல்வி சமநிலை மூன்றைத்தான் ஏற்கும் என்றார். ரஸ்மானேவுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. "கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு? பெரிய நாடு ஒண்ணோட பந்து மேல நின்னிருந்தா இப்படித்தான் எழுதுவீங்களா?" என்று கேட்டான். மொழிபெயர்த்தவர் அதைப் பாதியாகக் குறைத்துச் சொன்னார். அதிகாரி வறுத்த கோழி சாப்பிட்டுவிட்டு அன்றைக்கே கிளம்பிவிட்டார்.

நம் ஊர்ச் சங்கமாவது சும்மா இருந்ததா? அவமானம் கண்ணில் படாமல் இருந்தால் சரி என்று, வேட்டைக்காரர்களை அழைத்துச் சுட்டு இறக்கச் சொன்னது. வேட்டைக்காரர்களுக்கு இருந்த நியாயம்கூட இவர்களுக்கு இல்லை. ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போது வெளியாள் கை வைக்கக் கூடாது என்று வேட்டைக்காரர்கள் துப்பாக்கியைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்கள்.

வருடங்கள் ஓடின. சனிக்கிழமைதோறும் ரஸ்மானே மற்ற பதினான்கு பேரையும் இழுத்து வந்து அவரவர் இடத்தில் நிறுத்தினான். தொப்பை வந்தது, முழங்கால் போனது, ஒருவன் இமாம் ஆனான். ஆனாலும் வந்து நின்றார்கள். புழுதிக்காற்று மாதங்களில் பந்து செம்மண் பூசிக்கொள்ளும், மாங்காய் மழையில் கழுவிக்கொள்ளும். பயறுசோறு விற்கும் அசேத்தா அதன் நிழல் விழும் இடத்தில் அடுப்பை வைத்தாள். நிழல் நகர நகர அடுப்பையும் நகர்த்தினாள். பக்காரி மட்டும் மேலே பார்க்கவே மாட்டான். ஒருமுறை, நான் கேட்டிருக்கக் கூடாதுல்ல என்று மெதுவாக ஆரம்பித்தான். ரஸ்மானே முடிக்க விடவில்லை. கறிக்கடை முன்னால் நின்ற கும்பலைப் பார்த்து, இது ஆடு இல்லை, நாய், வாலைப் பார்த்து வாங்குங்கள் என்று கூவினான். உள்ளுக்குள் அவனுக்குக் கோபம் இல்லாமல் இல்லை. ஆனால் முறைக்காரன்மேல் கோபப்பட வழியே கிடையாது. அதனால் அத்தனையும் சேர்ந்து கடல் கடந்த சங்கத்தின் மேல் போனது.

பதினோராவது வருடம் பக்காரி மார்வலியில் செத்தான். அடுப்பில் கறி பாதி வெந்தபடி இருந்தது. பாடையைத் தூக்கிக்கொண்டு அணைக்கட்டு வழியாக வந்தபோது, ரஸ்மானே கந்தல் சட்டை போட்டு, இடுப்பில் எலும்பு மாலை கட்டிக்கொண்டு நடுரோட்டில் மல்லாந்து படுத்தான். சாவு வீட்டில் கேலிமுறைக்காரனுக்கு அந்த உரிமை உண்டு. அவன் கேட்டதைக் கொடுக்காமல் பிணம் நகர முடியாது. என்ன வேண்டும் என்று கேட்டார்கள். பாடையை மைதானத்துக்குத் திருப்பச் சொன்னான். பந்துக்கு நேர்கீழே இறக்கி வைத்தார்கள். மற்ற பதின்மூன்று பேரும் சொல்லாமலே தங்கள் இடத்தில் போய் நின்றார்கள். ரஸ்மானே குனிந்து, துணி மூடிய முகத்தருகே பேசினான். சிரிக்க வைக்கத்தான் ஆரம்பித்தான்.

"டேய் நாய்த்தலை தின்னி, எங்கடா கிளம்பிட்டே? ஆட்டம் முடியல. அன்னிக்கு நீ கேட்டே, நான் குடுத்தேன். இப்ப நான் கேக்குறேன். பந்தக் கொடு."

இல்லை என்று சொல்ல முடியாதே. பந்து மெல்ல அசைந்தது. விட்ட இடத்திலிருந்து, அன்றைய வேகத்திலேயே, கம்பங்களுக்கு நட்டநடுவில் புகுந்து அந்தப் பக்கம் மண்ணில் விழுந்து இரண்டு முறை துள்ளியது. யாரும் ஆரவாரம் செய்யவில்லை. பாடையைத் தூக்கிக்கொண்டு போய் அடக்கம் செய்தார்கள். குழிக்கரையிலேயே ரஸ்மானேயின் போன் அடித்தது. கொஸ்ஸி அக்பேகோ பேசினார். மீனை நிறுத்துக்கொண்டிருந்தாராம், ஆணியில் இருந்த விசில் தானாக நீளமாக ஊதியதாம். "முடிஞ்சுது, கேப்டன். பதினெட்டுக்குப் பதினேழு. உள்ள போச்சான்னு நான் கேக்க மாட்டேன், ஊதின விதத்துலயே தெரிஞ்சுபோச்சு."

பெரிய சங்கம் இன்னும் தோல்வி என்றுதான் வைத்திருக்கிறது. மேல்முறையீட்டுக்குக் காலம் கடந்துவிட்டதாம். பதினோரு வருடம் பந்தையே பார்க்காதவர்களுக்குக் காலத்தை மட்டும் நன்றாகப் பார்க்கத் தெரிகிறது! ரஸ்மானே அவர்களுக்குப் பதில் எழுதவில்லை. கையால் புது மண்ணைத் தட்டிச் சமன் செய்துவிட்டு, ஒரு புள்ளியில ஜெயிச்சுக் குடுத்துட்டா உன் அடிமைத்தனம் போயிடுமாடா என்று பக்காரியைத் திட்டிவிட்டு வீட்டுக்குப் போனான். அடுத்த சனிக்கிழமை மைதானத்துக்கு யாரும் வரவில்லை. அசேத்தா அடுப்பை வேப்பமரத்தடிக்கு மாற்றிக்கொண்டாள்.